பாடக்குறிப்பும் கைபேசியும்: ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்த செயலிகள்

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பித்து வருகிறேன். காலாண்டு விடுமுறையில் கைபேசியைத் திறக்கும் போதெல்லாம் வந்து நின்ற ஒரு விளம்பரம்தான் இந்த மதிப்புரைக்குக் காரணம். ஐந்து நிமிடத்தில் ஒரு மாதத்துக்கான பாடக்குறிப்பு ஆயத்தம் என்று அது சொன்னது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டரை மணி நேரம் நோட்டில் எழுதித் தள்ளுகிறவர்களுக்கு இப்படியொரு வாக்குறுதி எவ்வளவு இனிக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆகவே இரண்டாம் பருவம் முழுவதும், பள்ளி திறந்த நாள் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை, பாடம் திட்டமிடும் வேலையைக் கைபேசியிலேயே செய்து பார்ப்பது என்று முடிவெடுத்து, அந்தச் செயலியோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினேன். பணம் கொடுத்து வாங்கியது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் இலவசமாகக் கிடைத்தவை.

எதை அளவுகோலாக வைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாடக்குறிப்பு எழுதுவதும் பாடத்தைத் திட்டமிடுவதும் ஒன்றே என்பதுபோல் நம் பள்ளிகளில் பேசப்படுகின்றன; என் அனுபவத்தில் அவை வெவ்வேறு வேலைகள். நாங்கள் எழுதும் பாடக்குறிப்பில் கற்றல் விளைவு, ஆர்வமூட்டல், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். அவற்றை நிரப்பித் தலைமை ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குவது ஒரு வேலை. நேற்று பாதியில் நின்ற பாடத்தை, நேற்று வராத ஏழு பேரையும் வகுப்பில் வைத்துக்கொண்டு, நாளை மூன்றாம் பாடவேளையில் எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் நேரத்தை மிச்சப்படுத்தி இரண்டாவதற்குத் தருகிற செயலியை நல்ல செயலி என்பேன். இரண்டாவதையும் தானே செய்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டு முதல் வேலையை மட்டும், அதையும் அரைகுறையாக, செய்து தருகிற செயலி பணத்துக்குக் கேடு.

விளம்பரத்தில் வந்ததிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. இதே வார்ப்பில் சந்தையில் இன்னும் பல இருக்கின்றன. ஆண்டுச் சந்தா 999 ரூபாய். வகுப்பு, பாடம், அலகு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், கட்டங்கள் நிரம்பிய பக்கம் ஒன்று வந்து விழும். முதல் வாரம் அது அழகாகவே தெரிந்தது. இரண்டாம் வாரத்தில், ஆறாம் வகுப்பின் வெப்பம் பாடத்துக்கும் ஏழாம் வகுப்பின் வெப்பம் பற்றிய பாடத்துக்கும் அது தந்த ஆர்வமூட்டல் கேள்விகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்ததைக் கண்டபோதுதான், தலைப்பை மட்டும் மாற்றிப் பொருத்துகிற வேலை உள்ளே நடப்பது புரிந்தது. கற்றல் விளைவுகளோ வேறொரு பாடத்திட்டத்திலிருந்து மொழிபெயர்த்து ஒட்டப்பட்டவை. கோப்பாக மாற்றி அச்சிட்டபோது தமிழ் உருக்குலைந்தது. கொம்பும் துணைக்காலும் தம் எழுத்தை விட்டு விலகி, புள்ளி வட்டங்களைச் சுமந்துகொண்டு தனித்தனியே நின்றன. எங்கள் தலைமை ஆசிரியர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், எழுத்தெல்லாம் கலைந்து கிடக்கிறதே, மழையில் நனைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்றைய பாடம் எங்கே நின்றது என்று குறிக்க அந்தச் செயலியில் இடமே இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. திட்டத்தின் தேதியை மாற்றலாம். திட்டத்துக்குள் கை வைக்க முடியாது. நவம்பரில் மழைக்காக இரண்டு நாள் விடுமுறை விடப்பட்ட வாரத்தில், நாங்கள் தொடவே செய்யாத பகுதிகளை நடத்தி முடித்துவிட்டதாக அதன் நாட்காட்டி பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் ஏற்கெனவே சேமித்தவற்றையும் திறக்க முடியாது என்ற விதி சிறிய எழுத்தில் இருந்ததும் பிற்பாடுதான் கண்ணில் பட்டது. இத்தகைய செயலிக்குப் பணம் கட்டும் எண்ணம் உள்ளவர்கள், எழுதியதை முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா, அச்சில் தமிழ் ஒழுங்காக வருகிறதா என்ற இரண்டையும் இலவசக் காலத்திலேயே சோதித்துக்கொள்வது நல்லது.

உண்மையைச் சொன்னால், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வாரந்தோறும் சுற்றிவரும் ஆயத்தப் பாடக்குறிப்புக் கோப்புகள் இதைவிட எவ்வளவோ மேல். அவற்றை எழுதுகிறவர் நம் பாடநூலைக் கையில் வைத்திருக்கும் ஓர் ஆசிரியராவது. ஆனால் அந்தக் கோப்பைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, வரி பிசகாமல் நோட்டில் கையால் பெயர்த்து எழுதும் காட்சி வினோதமானது. ஒரே ஆர்வமூட்டல் கேள்வி ஒரே வாரத்தில் எத்தனை ஊர்களின் நோட்டுகளில் இடம்பெறுகிறதோ, அதைப் பார்வையிடுகிற அலுவலர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது தீக்ஷா. 2017 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், மத்திய அரசு தொடங்கிவைத்த தளம் இது. தமிழ்நாட்டில் பலருக்கும் இது அறிமுகமானது 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோதுதான்; அவற்றின் பக்கங்களில் அச்சாகியிருந்த விரைவுத் துலங்கல் குறியீட்டை (QR கோடு) இந்தச் செயலியால் படித்தால் அந்தப் பகுதிக்கான காணொலியோ பயிற்சியோ திறக்கும். திட்டமிடும் ஆசிரியருக்கு இதன் பெரிய நன்மை, பாடநூலோடு அது கட்டப்பட்டிருப்பது. யூடியூபில் "மின்சுற்று" என்று தேடினால் எந்த நாட்டு எந்த வகுப்புக்கானது என்று தெரியாத நூறு காணொலிகள் வரிசையில் நிற்கும். இங்கே பாடநூலின் பக்கமே வாசல். குறியீடு மங்கிப்போன பழைய புத்தகமாக இருந்தால், அதன் கீழே உள்ள ஆறு எழுத்துக் குறிமுறையைத் தட்டச்சு செய்தும் உள்ளே போகலாம் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. வேண்டியதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் தேவைப்படாது. பதிவிறக்கியதை இணையமில்லாமலே பக்கத்து ஆசிரியரின் கைபேசிக்கு அனுப்பவும் வழி உண்டு. எங்கள் பள்ளிக் கட்டடத்தில் ஏழாம் வகுப்பு அறையில் மட்டும் சமிக்ஞை கிடைக்காது என்பதால் இந்த ஒரு வசதிக்காகவே அதற்கு மதிப்பெண் கூட்டிப் போடுகிறேன்.

ஆனால் அதைத் திட்டமிடும் கருவி என்று எண்ணித் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அது ஒரு களஞ்சியம். நெல் எடுத்து வரலாம். சோறு அங்கே ஆகாது. எட்டு நிமிடக் காணொலியை நாற்பது நிமிடப் பாடவேளையில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், நிறுத்தி எதைக் கேட்க வேண்டும் என்பதை ஆசிரியர்தான் முன்கூட்டிப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்துக் காணொலியாக்கியிருப்பதால், ஒரு பாடவேளைக்கு ஒரு கருத்து என்று வகுத்துக்கொள்பவர்களுக்கு அதன் அடுக்குமுறை கைகொடுக்கும்.

பருவத்திலேயே எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது ஃபெட் (PhET) பாவனைகள், அதாவது அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் மாதிரிகள். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் தொடங்கிய திட்டம் இது. கைபேசிச் செயலியாக வாங்கச் சிறு கட்டணம் உண்டு. உலாவியில் திறந்தால் இலவசம். நான் பயன்படுத்தியது நேர்மின்னோட்டச் சுற்றுகளைக் கட்டிப் பார்க்கும் பாவனை. மின்கலம், கம்பி, விளக்கு, சாவி ஆகியவற்றை விரலால் இழுத்து ஒட்டினால் சுற்று உருவாகும். மின்னூட்டங்கள் கம்பிக்குள் ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்தில், விளக்குகளை ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் தொடரிணைப்பும், தனித்தனிப் பாதைகளில் இணைக்கும் பக்க இணைப்பும் வருகின்றன. இரண்டு விளக்குகளைத் தொடரிணைப்பில் போட்டால் எது அதிகம் ஒளிரும் என்று கேட்டேன். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் முதல் விளக்குதான் என்று கை தூக்கினார்கள். முதல் விளக்கு மின்சாரத்தைக் கொஞ்சம் சாப்பிட்டுவிடும், மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. பந்தியில் முதல் வரிசைக்குப் பரிமாறிய பிறகு கடைசி வரிசைக்குப் பாயசம் குறைவதைப் பார்த்தவர்கள் வேறு எப்படி எண்ணுவார்கள்? உடனே பாவனையைத் திறந்து இரண்டும் ஒன்றுபோல எரிவதைக் காட்டினேன். பிறகு மேசையில் உண்மையான டார்ச் விளக்குகளை இணைத்தேன். ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் எரிந்தது. கடையில் வாங்கிய இரண்டு விளக்குகளும் ஒரே வகையாக இல்லாததுதான் காரணம். முன்வரிசைப் பெண் எழுந்து, "இது தப்பு மிஸ், போனில் ஒன்றுபோல எரிந்ததே" என்றாள். கண்முன் எரியும் விளக்கைத் தவறென்றும் திரையில் எரிந்ததைச் சரியென்றும் ஒரு பதினொரு வயதுக் குழந்தை சொல்லுமாறு வைத்தது செயலியின் குற்றம் அல்ல. நான் திட்டமிட்ட வரிசையின் குற்றம்.

ஏழாம் வகுப்பின் மின்னோட்டவியல் பாடத்துக்கு வரிசையைத் திருப்பிப் போட்டேன். முதலில் ஊகம், அடுத்து மேசைச் சோதனை, அதில் வந்த குழப்பத்தைத் தீர்க்கக் கடைசியில் பாவனை. பக்க இணைப்பில் இரண்டாவது விளக்கைச் சேர்த்தவுடன் முதல் விளக்கும் சற்று மங்குவதை ஒருவன் கவனித்துச் சொன்னான். பாவனையில் அப்படி மங்காது. பழைய மின்கலத்தின் உள்ளேயே கொஞ்சம் மின்தடை இருக்கிறது. பாவனையின் மின்கலத்தில் இயல்பாக அது சுழி. மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய் அந்த அகத்தடையைக் கூட்டி வைத்ததும் திரையிலும் விளக்கு மங்கியது. அந்தப் பாடவேளைக்கு நான் எழுதி வைத்திருந்த வலுவூட்டுதல் பகுதியை நடத்தவே முடியவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. திட்டமிடும் ஆசிரியருக்கு இந்தப் பாவனைகள் தருவது காட்சிப்பொருள் மட்டுமல்ல, ஞாயிறு இரவே தானும் ஒரு மாணவராக இருந்து சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு. பாவனைக் கோப்பை முன்கூட்டியே பதிவிறக்கிவிட்டால் இணையமில்லாமலும் இயங்கும். சிறிய கைபேசித் திரையில் கம்பிகளை ஒட்டுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். பெரிய திரை இருந்தால் அதையே நாடுங்கள்.

இவ்வளவும் பாடத்துக்குள் வைக்க வேண்டிய பொருளைத் தேடித் தரும் செயலிகள். திட்டத்தை எழுதுவதற்கு எனக்குப் பயன்பட்டது, ஆசிரியர்களுக்கென்று செய்யப்படாத, கடைப் பட்டியல் எழுதுவதற்கு எல்லோரும் வைத்திருக்கும் கூகுள் கீப். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். நான் செய்தது இவ்வளவுதான். அலகுக்கு ஒரு குறிப்பு. அதற்குள் கருத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குறியிடும் சிறு கட்டம். வகுப்பில் நடந்து முடிந்த கருத்துக்கு அங்கேயே குறி இட்டுவிடுவேன். குறி இடாதது நாளைக்கு. பாடவேளை முடிந்ததும் கரும்பலகையை அழிக்குமுன் ஒரு படம் எடுத்து அதே குறிப்பில் சேர்ப்பேன். "19 பேர் முதல் விளக்கு என்றார்கள், பாவனையைப் பிறகு காட்ட வேண்டும்" என்பதுபோல் ஒரே ஒரு வரியும் எழுதிவைப்பேன். மாலையில் அடுத்த நாளுக்கான திட்டத்தை எழுத உட்காரும்போது இந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன். 999 ரூபாய்ச் செயலியில் இல்லாமல் போன இடம் இதுதான்.

இணையம் இல்லாதபோதும் கீப்பில் எழுதலாம், பிறகு தானே ஒத்திசைத்துக்கொள்ளும். வகுப்புவாரியாக முத்திரை இட்டு வைத்தால் தேடுவது எளிது. ஒரு குறிப்பை வேறொருவரோடு பகிர்ந்து இருவரும் அதில் எழுதலாம் என்பதால், நான் விடுப்பில் போன மூன்று நாளும் சமூக அறிவியல் ஆசிரியை என் வகுப்பைச் சிரமமின்றிக் கவனித்துக்கொண்டார். அட்டவணை போடவோ நீண்ட ஆவணம் எழுதவோ அது ஏற்றதல்ல. அதற்காகக் கூகுள் டாக்ஸில் பாடக்குறிப்பின் தலைப்புகள் அனைத்தையும் வைத்து ஒரு வெற்றுப் படிவம் செய்துகொண்டு, வெள்ளிக்கிழமை மாலை கீப்பில் திரண்டிருப்பதை அங்கே கொண்டுபோய் நிரப்பி, யூனிகோடு எழுத்துருவில் அச்செடுத்து நோட்டில் ஒட்டினேன். எங்கள் தலைமை ஆசிரியர் ஒட்டிய தாளில் கையொப்பமிட ஒப்புக்கொண்டார். கையெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் இடங்களில் இந்தச் சிக்கனத்தில் பாதி போய்விடும். அதற்குச் செயலியில் தீர்வு இல்லை, பேசித்தான் தீர்க்க வேண்டும்.

தட்டச்சு வேகம் வராதவர்களுக்குக் குரல் தட்டச்சைப் பரிந்துரைக்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. கூகுள் 2017-இலேயே குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்துவிட்டது. இப்போது பெரும்பாலான விசைப்பலகைச் செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. அன்றாடச் சொற்களைக் கைபேசி நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. அறிவியல் சொற்களில், குறிப்பாக நம்மில் பலர் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவே ஒலிப்பதால், விபரீதம் நேரும். நான் பேருந்தில் சொன்ன மின்கலம் மின்களமாகி, மின்களம் அச்சாகி, நோட்டில் ஒட்டப்பட்டு, கையொப்பமும் வாங்கிவிட்டது. பிழை கைபேசியுடையதா என் நாக்கினுடையதா என்று இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

எல்லோரும் கேட்கும் கேள்விக்கு இப்போது வருகிறேன். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் பாடத்தைத் திட்டமிட உதவுமா? 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளுடன் இந்தியாவில் அறிமுகமானது. அதன்பின் ஆசிரியர் அறைகளில் இதைப் பற்றிய பேச்சு இல்லாத நாளில்லை. நான் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பயன்படுத்தினேன். கீழே சொல்லும் குறைகளை எந்த ஒன்றின் பேரிலும் எழுத விரும்பவில்லை. கேட்கும் விதத்தைப் பொறுத்து எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொண்டன.

"ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்துக்குப் பாடக்குறிப்பு எழுது" என்று ஒற்றை வரியில் கேட்டால், வழவழப்பான தமிழில் இரண்டு பக்கம் வந்துவிடும். அதைப் படித்துப் பார்க்கும் ஆசிரியருக்கு முதலில் தட்டுப்படுவது கலைச்சொல். நம் பாடநூலில் பக்க இணைப்பு என்று இருப்பது அங்கே இணைச் சுற்று என்று வரும். மின்தடை வெறும் எதிர்ப்பு என்று வரும். பெரியவர்களுக்கு இது சிறு வேறுபாடு. புத்தகத்தில் ஒரு சொல்லும் பலகையில் வேறொரு சொல்லும் பார்க்கும் ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு அவை இரண்டு தனிப் பாடங்கள். அடுத்து நேரக் கணக்கு. நாற்பது நிமிடத்துக்குள் ஆர்வமூட்டல் ஐந்து நிமிடம், குழுச் செயல்பாடு மூன்று, கலந்துரையாடல், வரைபடம், வினாடி வினா என்று அடுக்கியிருந்தன. முப்பத்தொரு குழந்தைகளைக் குழுவாகப் பிரித்து உட்கார வைக்கவே எட்டு நிமிடம் ஆகும் என்பது எந்தச் செயலிக்கும் தெரியவில்லை. "பாடநூலின் செயல்பாடு 4-ஐச் செய்யச் சொல்லவும்" என்று மிடுக்காக எழுதியிருந்ததை நம்பிப் புத்தகத்தைப் புரட்டினால், அந்த எண்ணில் அப்படியொரு செயல்பாடே கிடையாது. இவையெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியவை. கடத்திகளையும் கடத்தாப் பொருள்களையும் சோதிக்கும் பகுதியில், மின்கலம் இல்லையென்றால் வீட்டு மின் இணைப்பையும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. அது சிரிக்கக்கூடியதல்ல. அவசரத்தில் அச்செடுத்து ஒட்டியிருந்தால், தொடர்பணியாக ஒரு குழந்தையின் வீட்டுச் சுவர்வரை அது போயிருக்கும். அறிவியல் ஆசிரியர்கள் இந்தச் செயலிகள் தரும் சோதனைகளைத் தாங்களே வரிவரியாகப் படிக்காமல் வகுப்புக்குள் கொண்டுபோகக் கூடாது.

ஆனாலும் அவற்றைக் கைபேசியிலிருந்து நீக்கவில்லை. பாடக்குறிப்பை எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டு வேறு வேலைகளைக் கொடுத்தபோது பயன் தெரிந்தது. பாடநூல் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்து, இதிலுள்ள சொற்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிட்டால் கலைச்சொல் சிக்கல் பெருமளவு தீர்கிறது. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் தெளிவான பக்கங்களுக்குப் பஞ்சமில்லை. குறைதீர் கற்றலுக்காக ஒரே கருத்தில் மூன்று நிலைகளில் பத்துக் கேள்விகள் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தருகின்றன. நானே எழுதினால் முக்கால் மணி நேரம். அவற்றில் இரண்டு மூன்றைத் தள்ள வேண்டியிருக்கும், மீதி தேறும். எல்லாவற்றிலும் சிறந்ததாக நான் கருதுவது வேறொரு கேள்வி: இந்தக் கருத்தைக் குழந்தைகள் எப்படியெல்லாம் தவறாகப் புரிந்துகொள்வார்கள்? மின்னோட்டம் விளக்கில் செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்ற எண்ணமும், மின்கலத்திலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு கம்பி போதும் என்ற எண்ணமும் பல நாட்டுக் குழந்தைகளிடம் காணப்படுபவை என்று உரையாடல் செயலி சொன்னதால்தான், அந்தப் பத்தொன்பது கைகள் உயரும் என்பதை எதிர்பார்த்துக் கேள்வியை ஆயத்தமாக வைத்திருந்தேன். பதினான்கு ஆண்டு அனுபவத்தில் எனக்கே இது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டால், தெரியும். ஆனால் ஞாயிறு இரவு பத்து மணிக்கு அதை நினைவூட்ட ஒரு துணை தேவைப்படுகிறது.

இவ்வகையில் நான் பொறாமையோடு பார்ப்பது கர்நாடகத்தில் நடந்துவரும் முயற்சி ஒன்றை. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சிக்‌ஷணா அறக்கட்டளையும் சேர்ந்து உருவாக்கிய சிக்‌ஷா கோபைலட் என்ற கருவி, மாநிலப் பாடநூலையே அடிப்படையாகக் கொண்டு பாடத் திட்டத்தின் முதல் வரைவைத் தருகிறது. ஆசிரியர் அதைத் திருத்திக்கொள்கிறார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெங்களூரைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் அதைச் சோதித்திருக்கிறார்கள். நம் பாடநூலை உள்ளடக்கி, ஆர்வமூட்டல் முதல் தொடர்பணி வரையிலான நம் படிவத்திலேயே தமிழில் வரைவு தரும் ஒன்று இங்கே வந்தால், சந்தா கட்டுகிற முதல் ஆள் நானாக இருப்பேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எந்தச் செயலியிலும், குறிப்பாக உரையாடல் செயலிகளில், குழந்தைகளின் பெயரையோ மதிப்பெண்ணையோ வீட்டு நிலையையோ எழுதாதீர்கள். 2022 மே மாதத்தில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளின் இணையவழிக் கல்விக் கருவிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றில் பெரும்பாலானவை குழந்தைகளின் தரவுகளைக் கண்காணித்தன அல்லது கண்காணிக்க வல்லவையாக இருந்தன என்று கூறியது. "வாசிப்பில் தடுமாறும் நான்கு மாணவர்களுக்கு" என்று எழுதினாலே நமக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும்.

நேரக் கணக்கைக் கேட்பவர்களுக்காக: பருவத் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டரை மணி நேரம் ஆன வேலை, டிசம்பரில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு இறங்கியிருந்தது, வகுப்பு முடிந்ததும் எழுதும் ஒரு வரிக்கு நாளுக்கு ஐந்து நிமிடம் கூடியது. முதல் மூன்று வாரங்கள் மட்டும் பழக்கமின்மையால் வழக்கத்தைவிட அதிகமாகவே நேரம் பிடித்தது என்பதையும் மறைக்கவில்லை. நான்கு ஆண்டு பழைய கைபேசியில் காணொலிகள் நிறைந்து இடம் போதாமல் போனதால், நடத்தி முடித்த பாடத்தின் பதிவிறக்கங்களை வாரக்கடைசியில் நீக்குவதும் ஒரு வேலையாயிற்று. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2024-இல் அரசு வழங்கிய கையடக்கக் கணினியை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாம் பருவத்துக்கு என் கைபேசியில் எஞ்சியிருப்பவை கீப், டாக்ஸ், தீக்ஷா, உலாவியில் ஃபெட், உரையாடல் செயலிகளில் ஒன்று. சந்தாச் செயலியை அழித்துவிட்டேன். அழிக்குமுன் அதில் சேமித்திருந்த நான்கு பாடக்குறிப்புகளை மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறாம் வகுப்புக்கு முதல் பாடம் காந்தவியல். கீப்பில் அதற்கான குறிப்பைத் திறந்து முதல் வரியாக எழுதியிருப்பது இது: "காந்தத்தையும் ஊசியையும் முதலில் கையில் கொடுக்கவும்; திரை பிறகு."